எழும்பி நின்ற தீர்மானம்

எங்கள் தீவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. தீவுப் பகுதியில் எவரைத் தொட்டாலும் இன்னொருவருக்குச் சொந்தமாகத்தான் இருக்கும். பெயரை எழுதினால் சுருவிலில் இருந்தும் புளியங்கூடலில் இருந்தும் யாராவது வந்து, "உதை ஏன் இப்ப கிளறுறீர்?" என்று கேட்பார்கள். ஊர்காவற்றுறையில் இருந்து லோஞ்ச் என்கிற எஞ்சின் படகில் போகிற ஒரு சின்னத் தீவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தீவின் கிராமசபைக்கு என் அப்பா பல வருடங்கள் தலைவராக இருந்தார். ஊரில் தலைவர் என்று யாரும் சொல்வதில்லை. சேர்மன் என்றால்தான் விளங்கும். அவருடைய மகளான நான் அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

அறுபதுகளின் பிற்பகுதி அது. பின்னேரங்களில் அப்பா கதிரையை இழுத்து வானொலிப் பெட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டு இருப்பார். எங்கேயாவது ஒரு நாட்டில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்துவிட்டது என்று அடிக்கடி செய்தி வரும் காலம். அப்பா கேட்டுவிட்டுச் சிரிப்பார். "ரேடியோ நிலையத்தைப் பிடிக்க வேணும், பாலத்தைப் பிடிக்க வேணும், மந்திரிமாரைப் பிடிக்க வேணும். எவ்வளவு வில்லங்கம். எங்கட சபையைப் பிடிக்கிறதெண்டால் ஒரு லோஞ்ச் காணும், வேறொண்டும் தேவையில்லை" என்பார். பகிடியாகத்தான் சொன்னார். அப்படியே நடந்தபோது பகிடியை நினைத்துச் சிரிக்க எங்களால் முடியவில்லை.

எல்லாம் எங்கள் இறங்குதுறையால் வந்தது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது தீவில் துறை கிடையாது. வள்ளம் தூரத்திலேயே தரைதட்டும். ஆண்கள் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்குவார்கள். பிள்ளைத்தாய்ச்சிகளையும் நோயாளிகளையும் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கி வருவார்கள். ஒருமுறை அப்படித் தூக்கி வந்த கதிரை சரிந்து ஒரு பெண் தண்ணீருக்குள் விழுந்ததை அப்பா கண்டார். சேர்மனாக வந்ததும் முதல் வேலையாகத் துறையைத்தான் தொடங்கினார். ஊர்ச்சனம் முழுவதும் கல் சுமந்தது, அவரும் சுமந்தார். கட்டி முடித்தபோது வைத்த சட்டம் ஒன்றுதான். முதலில் வருகிற வள்ளம் முதலில் கட்டலாம். நோயாளியோடு வருகிற வள்ளத்துக்கு எல்லோரும் விலக வேண்டும். "துறை ஆற்றையும் இல்லை" என்று அடிக்கடி சொல்வார். யாருடையதும் இல்லை என்பதை அவர் சொல்லும் விதத்தில், எல்லோருக்கும் அதில் ஒரு பங்கு கிடைத்ததுபோல இருக்கும்.

முதலாளி வந்தது அதற்குப் பிறகு. எங்கள் ஊர்க்காரர்தான். தெற்கே கடை வைத்து நன்றாக உழைத்துத் திரும்பி வந்து, இரண்டு லோஞ்சுகள் வாங்கி விட்டிருந்தார். மீன்பிடிக்கிற ஆட்களும் தங்கள் வள்ளங்களில் சனத்தை ஏற்றி இறக்குவது அவருக்குப் பிடிக்கவில்லை. துறை அவர் கைக்கு வந்தால் அவருடைய லோஞ்சுகளைத் தவிர வேறு எதுவும் அங்கே கட்டாது. இதை அவர் ஒருபோதும் இப்படிச் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து, கதிரையில் முன்னுக்கு இருந்து, மிகவும் பணிவாகக் கேட்டார்.

"அண்ணை, துறையை என்னட்டை விடுங்கோவன். நல்லாப் பராமரிப்பன்."

"பாப்பம்" என்றார் அப்பா.

எங்கள் பக்கத்தில் பாப்பம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம். முதலாளிக்கும் அது தெரியும். அவர் தேத்தண்ணீரைக் கடைசி மிடறுவரை குடித்துவிட்டு, அம்மாவிடம், "போட்டு வாறன் அக்கா" என்று சிரித்த முகத்தோடு போனார்.

அவர் தேர்தலில் நிற்கவில்லை. நிற்கும்படி சிலர் கேட்டபோது, "எனக்கேன் உந்த அரசியல்" என்றுவிட்டார். ஊருக்கு உதவி செய்வதுதான் அவருடைய வேலையாக இருந்தது. சபை அங்கத்தவர் ஒருவரின் மகளுக்குக் கலியாணம் என்றால் மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிவர லோஞ்ச் சும்மா போகும். இன்னொருவரின் வீட்டுக்கு ஓடு வந்து இறங்கும். மற்றவரின் மகனுக்கு லோஞ்சிலேயே வேலை கிடைக்கும். ஒருவரிடமும் அவர் கைமாறு கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரோசக்காரர்கள் நாலு பேராவது முகத்தில் அடித்தமாதிரி மறுத்திருப்பார்கள். கேட்காமல் இருந்ததால் ஒவ்வொருவரும் தாமாகவே என்ன செய்யலாம் என்று யோசிக்கத் தொடங்கினார்கள். லோஞ்சில் எஞ்சினுக்கு முன்னால் கூரை நிழலில், முதலாளிக்கு வேண்டியவர்கள் இருப்பதற்கென்று ஒரு வாங்கு இருந்தது. எந்த அங்கத்தவர் இப்போது எந்தப் பக்கம் என்று அறிய நான் சபைக்குப் போகத் தேவையிருக்கவில்லை. அந்த வாங்கில் யார் இருக்கிறார் என்று பார்த்தால் போதும்.

வரவு செலவுத் திட்டம் தோற்றால் சேர்மன் பதவி போகும். அதை வாக்குக்கு விடுகிற நாளன்று சோளகக் காற்று பலமாக அடித்தது. அப்பாவின் பக்கத்து அங்கத்தவர்கள் இருவர் காலையில் ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தார்கள், கூட்டத்துக்கு முன் திரும்பிவிடலாம் என்று. அங்கே லோஞ்ச் புறப்படவில்லை. எஞ்சின் பழுது என்றார்கள். அந்தக் காற்றில் சின்ன வள்ளங்களும் கடலில் இறங்காது. இங்கே கூட்டம் குறித்த நேரத்துக்குத் தொடங்கியது. எங்கள் சபை வரலாற்றிலேயே குறித்த நேரத்துக்குத் தொடங்கிய கூட்டம் அது ஒன்றுதான். அப்பா தோற்றார். பொழுதுபடுவதற்குள் எஞ்சினும் தானாகச் சுகப்பட்டு, அந்த இருவரையும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தது.

அப்பா வீட்டுக்கு வந்து சால்வையை ஆணியில் கொழுவினார். "இஞ்சாரும், சேர்மன் வேலை போட்டுது. தேத்தண்ணி ஊத்தும்" என்றார்.

"நல்லதாப் போச்சு. இனியாவது நேரத்துக்குச் சாப்பிடுவியள்" என்றார் அம்மா. அம்மாவுக்கு அரசியல் என்றால் ஆறிப்போன சோறுதான்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. "உது சூழ்ச்சியெல்லோ, பேப்பருக்கு எழுதுங்கோ" என்றேன். "என்னெண்டு எழுதிறது? எஞ்சின் பழுதாப் போச்செண்டோ?" என்று அப்பா கேட்டார்.

ஓடு வந்து இறங்கிய வீட்டுக்காரர் புதுச் சேர்மன் ஆனார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். யார் பேசினாலும் தலையாட்டுகிற சுபாவம், அவ்வளவுதான். ஆனாலும் துறையைச் சபை நினைத்தவுடன் கொடுக்க முடியாது. ஊரின் சொத்து என்பதால் பொதுக்கூட்டம் வைத்துச் சனத்தின் சம்மதம் எடுக்க வேண்டும். அப்படிக் கூட்டம் வைத்துப் பார்த்தார்கள். மீன்பிடிக்கிற ஆட்கள் பெண்சாதி பிள்ளைகளோடு வந்து மண்டபத்தை நிறைத்து, புதுச் சேர்மனை வாயைத் திறக்கவே விடவில்லை. அப்பா கடைசி வாங்கில் இருந்து பார்த்தார். ஆட்சியைப் பிடித்தாயிற்று, துறையைப் பிடிக்க முடியவில்லை என்ற நிலை ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது.

பிறகு அப்பா செத்துப்போனார். நெஞ்சு நோகிறது என்று சொல்லிப் படுத்தவர். லோஞ்சுக்குக் கொண்டுபோகக்கூட நேரம் தரவில்லை. செத்தவீட்டை முன்னின்று நடத்தியவர் முதலாளிதான். சொந்தக்காரரை ஏற்றி இறக்க இரண்டு லோஞ்சுகளும் நாள் முழுக்க ஓடின. பாடையோடு சுடலைவரை நடந்து வந்தார், கண் சிவக்க அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லமாட்டேன். நெடுநாள் எதிர்த்து நின்றவர் இல்லாமல் போனால் சிலருக்கு உண்மையாகவே அழுகை வரும்.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து சில நாட்களில் பள்ளிக்கூட மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். ஊரே வந்திருந்தது. அம்மாவையும் என்னையும் முன்வரிசையில் கதிரை போட்டு இருத்தினார்கள். முதலாளி பின்னால் எங்கேயோ சுவரோடு சாய்ந்து நின்றார்.

எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் அடிபட்டுக்கொண்டு கோடு கச்சேரி ஏறி வழக்காடுகிற சனம்தான். ஆனால் ஒரு கூட்டத்தில் செத்தவர் பெயரைச் சொல்லி எழும்பி நிற்கச் சொன்னால், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டோம். பகைவனும் எழும்புவான். அந்த நேரத்தில் எழும்பாமல் இருக்கிறவனை மனிதனாக மதிக்கமாட்டோம்.

புதுச் சேர்மன் ஒரு தாளை விரித்து வாசித்தார். அமரர் அவர்களின் தன்னலமற்ற சேவையை நினைவுகூரும் முகமாக இறங்குதுறைக்கு அன்னாரின் பெயரைச் சூட்டுவதென்றும், துறையைப் பரிபாலிக்க நினைவுச் சபை ஒன்றை அமைத்து முதற்கட்டமாக ஒரு வருடத்துக்கு அதனிடம் ஒப்படைப்பதென்றும், இத்தீர்மானத்தோடு அன்னாரின் ஆத்மா சாந்தியடைய எல்லோரும் எழுந்து நின்று மௌனம் அனுட்டிப்பதென்றும் அந்த வசனம் மூச்சுவிடாமல் போய்க்கொண்டிருந்தது. "அன்னாரின் பெயரை" என்றபோதே அம்மா கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். "எழுந்து நின்று" என்றதும் முதலில் எழும்பியவர் அம்மாதான். மண்டபம் முழுவதும் எழும்பியது. நானும் எழும்பினேன். எழும்பி நின்று தலை குனிந்த பிறகுதான் அந்த வசனத்தின் நடுப்பகுதி எனக்கு உறைத்தது. பக்கத்தில் நின்ற மீன்பிடிக்காரர் ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார். என் அப்பாவுக்கான மௌனத்தில் நான் எப்படித் திரும்பக் கதிரையில் இருப்பது?

மௌனம் முடிந்தது. "தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது" என்றார் சேர்மன். நினைவுச் சபைக்குத் தலைமை தாங்க முதலாளியை எல்லோர் சார்பிலும் கேட்டுக்கொண்டார்கள். அவர் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு ஒத்துக்கொண்டார்.

துறையின் தலைப்பில் பெரிய பலகை ஏறியது. அப்பாவின் முழுப்பெயரும், கீழே இறங்குதுறை என்றும் நீல எழுத்தில். செத்தவீட்டுக்குப் பிறகு அம்மா அன்றுதான் வாய்திறந்து நாலு வார்த்தை பேசினார். அதன்பின் வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிற வழியில் துறைக்குப் போவார். இடுப்பில் செருகியிருந்த துணியை நனைத்துப் பலகையில் படிந்த உப்பைத் துடைப்பார். சில எழுத்துகளுக்குக் கை எட்டாது. துறையில் நிற்கிறவர்கள் யாராவது வாங்கி அந்த எழுத்துகளைத் துடைத்துக் கொடுப்பார்கள்.

பலகைக்குக் கீழே ஒரு கொட்டிலும் வந்தது. துறையில் வள்ளம் கட்டுவதற்கு அந்தக் கொட்டிலில் அனுமதித் துண்டு வாங்க வேண்டும் என்றார்கள். முதலாளியின் லோஞ்சுகளுக்குத் துண்டு எப்போதும் இருந்தது. மற்ற வள்ளங்கள் போனால் துண்டு முடிந்துவிட்டிருக்கும். அவர்கள் பழையபடி தூரத்தில் நிறுத்தி, தண்ணீரில் இறங்கி நடந்தார்கள். பெயர் வைப்பதற்கு எங்கள் சனத்துக்கு நேரம் போகாது. பலகையில் இருந்த அப்பாவை வைத்து அந்தத் துண்டுக்குச் சேர்மன் துண்டு என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒருநாள் என் வகுப்பு வாசலில் பிள்ளைகள் கோடு கீறி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையை விரித்து மற்றவளை மறித்து, "சேர்மன் துண்டு இல்லாமல் உள்ளுக்கை வரேலாது" என்றாள். நான் வகுப்பை விட்டு வெளியே போய் நின்றேன். அவமானமாக இருந்தது.

முதலாளியிடம் போய்க் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "பிள்ளை, ஐயான்ர பேரில நடக்கிற காரியம். அதை நீரே குழப்பலாமோ?" என்றார். மீன்பிடிக்கிற ஆட்களிடம் போனேன். "முதலாளியின்ர பேரெண்டால் எப்பவோ பிடுங்கிக் கடலுக்கை எறிஞ்சிருப்பம் அக்கா. இது அவர்ர பேர். எங்கட கை போகாது" என்றார்கள். அப்போதுதான் அந்தப் பூட்டு எவ்வளவு நல்ல பூட்டு என்று விளங்கியது. பெயர் இருக்கும்வரை துறை திரும்பாது. பெயரை எடுக்க உரிமையுள்ளவர் ஒருவர்தான்.

அம்மாவிடம் சொன்னேன். பக்குவமாகச் சொல்லவில்லை, எனக்கு அது வராது. பலகையைக் கழற்ற வேணும் என்று நேரே சொன்னேன். அம்மா குசினியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"கொப்பற்றை பேரைப் பிடுங்கத்தானோ உன்னைப் படிப்பிச்சது?"

அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. சோறு மூடி வைத்திருக்கும், உடுப்பு மடித்து வைத்திருக்கும், பேச்சு மட்டும் இல்லை. அப்பாவின் முதல் வருட ஆட்டைத் திவசம் நெருங்கிக்கொண்டிருந்தது. அதையொட்டி வைக்கும் கூட்டத்தில் துறையை நிரந்தரமாகவே நினைவுச் சபைக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று ஊரில் கதை வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை பேசாத அம்மாவுக்குப் பின்னால் நானும் பேசாமல் கோயிலுக்குப் புறப்பட்டேன். அம்மா வழக்கம்போலத் துறைக்குத் திரும்பினார். நெடுந்தீவுப் பக்கத்து வள்ளம் ஒன்று ஊர்காவற்றுறை ஆசுப்பத்திரிக்குப் போகும் வழியில் காற்றுக்குத் தாக்குப்பிடிக்காமல் எங்கள் துறைக்கு வந்திருந்தது. வள்ளத்துக்குள் ஒரு பெண் பிரசவ வலியில் முனகிக்கொண்டு கிடந்தாள். கொட்டிலில் இருந்தவன் கயிற்றைக் கட்ட விடவில்லை.

"சேர்மன் துறையில துண்டில்லாமல் ஏலாது. லோஞ்ச் வாற நேரம், தள்ளு."

அவர்கள் தள்ளிப் போய் ஆழம் குறைந்த இடத்தில் நிறுத்தினார்கள். கரையில் நின்றவர்கள் ஒரு கதிரையோடு தண்ணீருக்குள் ஓடினார்கள். இடுப்பளவு தண்ணீரில் அந்தப் பெண்ணைத் தூக்கி வந்தார்கள். அவளுடைய புருசன் கதிரையின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டு, பலகையைப் பார்த்துக் கத்தினான். "எந்த அறுவான் அந்தச் சேர்மன்? அவன்ர வீட்டில ஒரு பொம்பிளை இப்பிடிக் கிடந்து துடிச்சால்தான் தெரியும் அவனுக்கு."

அவன் வெளித்தீவு ஆள். பலகைக்குக் கீழே ஈரத்துணியோடு நிற்பது யார் என்று அவனுக்குத் தெரியாது. ஊர்ப் பெண்கள் அவளை ஒரு வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே பெட்டைப்பிள்ளை பிறந்தது, இரண்டு உயிரும் தப்பின. அம்மா பலகையைத் துடைக்கவில்லை. துணியைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டு கோயிலுக்கு நடந்தார்.

மத்தியானம் எனக்குச் சோறு போட்டபோது பேசினார். "அவன் திட்டினதிலை பிழையில்லை பிள்ளை. அவனுக்கு அந்தப் பேரைத்தானே தெரியும்." பிறகு குழம்பை ஊற்றிக்கொண்டே, "கொப்பர் துறை கட்டினதே ஆரும் தண்ணியிலை இறங்கக் குடாதெண்டுதான்" என்றார்.

ஆட்டைத் திவசம் முடிந்து கூட்டம் நடந்தது. அதே மண்டபம், அதே முன்வரிசை. இம்முறை முதலாளி மேடையில் இருந்தார். அம்மா என்ன செய்யப்போகிறார் என்று என்னிடம் சொல்லவில்லை. எழும்பிப் பேசுவார் என்று நினைத்து நான் பயந்துகொண்டிருந்தேன். அம்மா கூட்டத்தில் பேசத் தெரியாதவர். சேர்மன் தாளை விரித்து வாசித்தார். இம்முறையும் நடுவில் துறை நிரந்தரமாகப் போய், முடிவில் ஆத்மா சாந்தியடைந்தது. எல்லோரும் எழுந்து நிற்போமாக என்றார். வாங்குகள் அரைபட மண்டபம் எழும்பியது.

அம்மா எழும்பவில்லை.

சேர்மன் மேடை விளிம்புக்கு வந்து குனிந்தார். "மாமி, எழும்புங்கோ."

"கால் ஏலாது தம்பி" என்றார் அம்மா. "நீங்கள் நடத்துங்கோ."

அன்று காலை கோயில் வீதி சுற்றிவந்த கால். அது ஊருக்கே தெரியும். நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுமில்லை. நானும் திரும்பக் கதிரையில் இருந்தேன். "எனக்கும் ஏலாமல் கிடக்கு" என்றேன். பின்னால் ஒரு மீன்காரப் பெண், "எனக்கும் முழங்கால் பிடிச்சுப்போட்டுது" என்று இருந்தாள். வள்ளம் தள்ளுகிற இளந்தாரி ஒருவன், "கால் ஏலாது சேர்மன்" என்று மிகவும் மரியாதையாகச் சொல்லிவிட்டு இருந்தான். பிறகு வாங்கு வாங்காக இருந்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. சபை அங்கத்தவர்கள் கொஞ்சப் பேரும் மேடையில் இருந்தவர்களும் மட்டும் நின்றுகொண்டிருந்தார்கள்.

முதலாளி கேட்டார், "அக்கா, தீர்மானத்தை எதிர்க்கிறியளோ?"

"எதிர்ப்பொண்டும் இல்லை தம்பி. கால்தான்."

எழுதிக்கொண்டிருந்த சபை எழுதுவினைஞர் பேனையைத் தூக்கிப் பிடித்தபடி சேர்மனைப் பார்த்தார். சேர்மன் முதலாளியைப் பார்த்தார். ஏகமனதாக என்று சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. எழும்பி நின்று நிறைவேறிய தீர்மானம் இருந்தபடியே விழுந்தது. கிராமசபை அதற்குப் பிறகும் நெடுங்காலம் முதலாளியின் கையில்தான் கிடந்தது. அதை நாங்கள் மீட்கவில்லை. துறையை மட்டும் மீட்டோம்.

கூட்டம் கலைந்ததும் அம்மா வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. துறைக்கு நடந்தார். ஏலாத காலை எட்டிப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது. பின்னால் சனமும் வந்தது. பலகைக்குக் கீழே நின்று, இடுப்பில் இருந்த துணியை எடுத்து, கை எட்டிய எழுத்துகளைத் துடைத்தார். எட்டாதவற்றை வள்ளக்காரர் ஒருவர் வாங்கித் துடைத்தார். பிறகு அம்மா, பலகையை நெம்ப ஒரு அலவாங்கு இருக்கிறதா என்று கேட்டார். யாரும் அசையவில்லை.

"கழட்டுங்கோ தம்பி" என்றார் அம்மா. "ஒரு வருசமாய் வெயிலுக்கை நிண்டது காணும். வீட்டுக்குக் கொண்டுபோய் இருத்துவம்."